கோரையாற்றுப் படுகைக்குக் கை கொடுத்தவர்களுக்கும் கை வைக்காமல் விட்டவர்களுக்கும்

ஊர்ப் பெரியவர்களுக்கும் அக்கம்பக்கத்துக் கிராமத்து உறவுகளுக்கும் வணக்கம்.

போன கார்த்திகை மழையில், காவிரியின் கிளையான நம் கோரையாறு கரை முட்ட ஓடியது எல்லோருக்கும் தெரியும். அத்தனை நாளும் நம் ஊர்க் கீழ்கரையில் ஒரு மணல் மூட்டைகூடப் போட வேண்டி வரவில்லை. கரைக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் வயல் தண்ணீரை வாங்கிக்கொண்டது. முழுகிய சம்பாப் பயிர் மூன்றாம் நாள் தலை நிமிர்ந்தது. படுகைக் காட்டையும் பள்ளத்தையும் மீட்க உதவியவர்களுக்கு நன்றி சொல்ல இதைவிட நல்ல சமயம் வராது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2022 ஆவணியில் கன்று நட வந்தவர்களின் பெயரை அன்றைக்கே மைக்கில் வாசித்து, துண்டு போர்த்தி, படமும் எடுத்தாயிற்று. அவர்களுக்கு மறுபடியும் நன்றி. ஆனால் ஒரு கன்றை நடக் கால் மணி நேரம் போதும். அது மரமாகி நிற்க, சுற்றியிருக்கிற பலபேர் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் கொஞ்சம் நிலத்தை, ஒருவர் கொஞ்சம் மீனை, ஒருவர் குறுக்கு வழியை. அவர்களை மேடைக்கு யாரும் கூப்பிடவில்லை. நட்டவர்களைவிட விட்டுக்கொடுத்தவர்கள்தான் இந்தப் படுகையை மீட்டார்கள் என்பது என் திடமான எண்ணம். அதனால் இந்த மடல் முதலில் அவர்களுக்கு. பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படித்தால் ஊருக்குத் தெரியும்.

படுகையில் வாழையும் கத்தரியும் வைத்து வந்த மேலத்தெருப் பெரியப்பா அவர்களே, உங்களிலிருந்து தொடங்குகிறேன். கணக்குப்படி அது ஆற்றுப் புறம்போக்கு. ஆனாலும் உங்கள் அப்பா காலத்திலிருந்து உங்கள் குடும்பம் பாடுபட்ட மண். மேட்டுப் பக்கத்தை வைத்துக்கொண்டு, ஆற்றை ஒட்டிய பட்டையை மட்டும் விடும்படி கேட்டோம். நீங்கள் அன்று பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் நீங்களே வேலியைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டுவிட்டீர்கள். அதோடு நிற்காமல், சின்ன வயதில் பார்த்த கரையை நடந்து காட்டினீர்கள். தண்ணீர் ஓரம் நாணலும் கோரையும், வளைவில் தாழம்புதர், அதற்கு மேலே நீர்மருதும் நாவலும் புங்கனும், கரை மேட்டில் இலுப்பை. அந்த ஞாபகம்தான் எங்களுக்கு வரைபடம். அந்த வரிசையில்தான் நட்டோம்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தபோது நம் தென்னந்தோப்புகள் எப்படிக் கிடந்தன என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். கரையில் மிச்சமிருந்த ஒரே கிழட்டு நீர்மருது மட்டும் கிளை ஒடிந்து நின்றது. அதைக் காட்டித்தான் பெரியப்பா ஊர்க்கூட்டத்தில் பேசினார். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்த பிறகு, ஆறு கொண்டுவரும் வண்டலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அரித்த இடத்தை அடுத்த வெள்ளம் வந்து மேவிவிடும் என்று இருந்த காலம் போய்விட்டது. இருக்கிற மண்ணை வேர்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் இதை எத்தனை கூட்டத்தில் விளக்கினாலும், அவர் அந்த மரத்தைக் கைநீட்டிக் காட்டியதற்கு ஈடாகாது.

நூறு நாள் வேலைக்கு வந்த அக்காமார்களுக்கும் அண்ணிமார்களுக்கும் என்ன சொல்லி நன்றி தெரிவிப்பது என்று தெரியவில்லை. கரையெல்லாம் வேலிக்கருவை, தண்ணீர் ஓரமெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு, வாய்க்காலில் வெங்காயத் தாமரை என்று கிடந்தது. வேலிக்கருவையைத் தரையோடு வெட்டினால் மறு வருடம் நாலு கிளையாக எழும்பும் என்பதால் தூரோடு தோண்டி எடுத்தீர்கள். காட்டாமணக்கு அதைவிடப் பொல்லாதது. ஒடித்துப் போட்ட துண்டு சேற்றில் பட்டாலே வேர் விட்டுவிடும். இடுப்பளவு சேற்றில் நின்று, ஒரு துண்டுகூடத் தண்ணீரில் போகாமல் கைமாற்றிக் கைமாற்றிக் கரையேற்றி, வெயிலில் காயப்போட்டுக் கொளுத்தியது நீங்கள். வேலிக்கருவையை மொத்தமாக ஒரே நாளில் எடுத்தால் கரை மொட்டையாகி அரித்துவிடும், கன்று பிடிக்கப் பிடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போம் என்று சொன்னதும் உங்களில் ஒருவர்தான். கூலிக்கு அளந்து செய்கிற வேலை இல்லை இது.

அதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையான சோதனை. நாங்கள் நட்ட 2022இல் மே 24ஆம் தேதியே மேட்டூர் திறந்து, ஆறு நிறைய ஓடியது. கன்றெல்லாம் தளதளவென்று வந்தது. மறு வருடம் அணையில் தண்ணீர் இல்லை. 2023 அக்டோபர் 10ஆம் தேதி பாசனத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். அடுத்த சாகுபடிக்கு அணை திறந்தது 2024 ஜூலை 28இல்தான். நீடாமங்கலம் மூணாறு தலைப்பிலிருந்து பிரிந்து கடைமடைக்கு வருகிற கோரையாறு அந்தக் கோடையில் எப்படிக் கிடந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாசியிலிருந்து ஆடி வரை, குடத்திலும் தள்ளுவண்டியில் வைத்த டிரம்மிலும் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது கீழத்தெருப் பெண்கள். வீட்டுக்கே நல்ல தண்ணீர் தட்டுப்பாடான சமயம் அது. ஆழத்துப் போர்த் தண்ணீர் உப்பு என்பதால், மேல் ஊற்றுத் தண்ணீருக்காகத் தன் தோட்டத்துக் கிணற்றைத் திறந்துவிட்ட ஆயாவுக்குக் கைகூப்பி வணங்குகிறேன். இந்தப் படுகைக்கு ஆயுள் கொடுத்தது அந்தக் கிணறு.

கன்று வளர்த்துக் கொடுத்த சின்னம்மாவுக்கு நாற்றங்கால் வேலையில் யாரும் ஈடில்லை. நாவல் கொட்டையைக் காயவிட்டால் முளைக்காது, பழம் விழுந்த ஈரத்தோடு ஊன்ற வேண்டும், இலுப்பையும் அப்படியே, நீர்மருது விதையை ஊறப்போட்ட பிறகுதான் பையில் போட வேண்டும். இதெல்லாம் அவர் கைக்கணக்கு. ஆள் உயரம் வராத கன்றை ஆற்றோரத்துக்குத் தர மறுத்துவிட்டார். அவசரப்பட்ட எங்களுக்கு அப்போது வருத்தம். முதல் வெள்ளத்தில் நுனி மட்டும் வெளியே தெரிய நின்று பிழைத்தவை அந்தக் கன்றுகளே.

கோடையில் தூர்வார வந்த இயந்திர ஓட்டுநர் தம்பி, நீ வெளியூர். இரண்டு கரையையும் சுரண்டி வழித்துவிட்டால் உன் வேலை பாதி நேரத்தில் முடிந்திருக்கும். கீழ்கரை நாணலைத் தொடாமல், மேல்கரைப் பக்கம் நின்றே கையை நீட்டி மண்ணெடுத்தாய். ஆற்றின் நடுவில் இருந்த மடுவையும் சமப்படுத்தாமல் விட்டாய். கோடையில் விராலும் கெளுத்தியும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற இடம் அது. இதற்கு இசைவு தந்த நீர்வளத்துறைப் பொறியாளருக்கும், மதகுக் கதவை இரவு பகலாகப் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கிய லஸ்கர் அண்ணனுக்கும் ஊரின் நன்றி.

ராமநாதபுரத்திலிருந்து வருடா வருடம் கிடை போட வரும் கீதாரி ஐயா, அறுவடை முடிந்த வயலிலிருந்து ஆற்றுக்குப் போகப் படுகைதான் உங்கள் ஆடுகளுக்குக் குறுக்கு வழி. மூன்று கோடைக்கு மட்டும் பாலத்தடியைச் சுற்றிப் போகும்படி கேட்டோம். வெயிலில் குட்டிகளோடு அந்தத் தூரம் லேசானது இல்லை. ஒரு தடவைகூட நீங்கள் வாக்கு மாறவில்லை. இனி மரங்கள் ஆட்டுக்கு எட்டாத உயரம். வரும் கோடையிலிருந்து பழைய வழியிலேயே வாருங்கள். நாணல் பக்கம் மட்டும் மறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு எங்களை அழைத்துப் போன வனத்துறைக் காவலர் இல்லாவிட்டால் அங்கேயும் கன்று நட்டுத் தோற்றிருப்போம். நம் ஆறு போய்ச் சேரும் காயல் அது. மரம் வெட்டப்பட்ட இடங்களில் மண் தாழ்ந்து, கடல் தண்ணீர் தேங்கி, வெயிலில் வற்றி உப்பேறி, எதுவும் முளைக்காமல் கிடந்ததாம். வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் (ஏறி இறங்கும் கடல் தண்ணீர்) வந்து போக வழி செய்த பிறகுதான் அலையாத்தி அங்கே எழுந்தது. முதலில் தண்ணீருக்கு வழி, அப்புறம் மரம் என்று அவர் சொல்லிக் கொடுத்ததை நம் பள்ளத்திலும் அப்படியே கடைப்பிடித்தோம்.

ஆற்றிலிருந்து பள்ளத்துக்கு வந்த பழைய வாய்க்கால் தூர்ந்து, இரண்டு பேருடைய பட்டா வயலுக்குள் மறைந்திருந்தது. அந்த இருவரும் தங்கள் வயலைக் கீறி வாய்க்காலைத் திறக்கச் சம்மதித்தார்கள். அந்தப் பட்டையில் விளையும் நெல்லை இனி எந்தப் பருவத்திலும் அவர்கள் அறுக்க முடியாது. இழப்பீடு என்று ஊர் கொடுக்க வந்த தொகையையும் நாற்றங்காலுக்கே திருப்பிவிட்டார்கள். தண்ணீர் வந்து நின்ற முதல் வருடமே, யாரும் நடாமல் கோரையும் சம்பும் அல்லியும் தாமே எழுந்தன. நாங்கள் வைத்தது விளிம்பில் நீர்க்கடம்பு மட்டும். வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டுகிற மரம் அது. மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாது. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயங்கள் 2022இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் அங்கே கூடு கட்டுகிற பறவை இரை தேடி வருவது நம் மாதிரி ஊர்களின் வயலுக்கும் பள்ளத்துக்கும்தான். நத்தைகுத்தி நாரைகள் இந்தத் தை மாதம் நம் பள்ளத்தில் இறங்கி மேய்ந்ததை எல்லோரும் பார்த்தோம். செடிகளையும் பறவைகளையும் இனம் பார்த்துச் சொல்லி, மாணவர்களைச் சேற்றில் இறக்கிப் பதிவேடு எழுத வைத்த தாவரவியல் ஆசிரியருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் நன்றி.

ஆற்றில் மீன் பிடிக்கும் அண்ணன் தம்பிகளே, புதுத்தண்ணீருக்கு மீன் ஏறி வருகிற நேரத்தில் வாய்க்கால் வாயில் பறி (மீன் பிடிக்கும் கூடு) வைத்தால் ஒரே இரவில் கூடை நிறையும். அந்த வாயை முதல் வெள்ளத்துக்கு விட்டுவிடுவது என்று நீங்களே கூடிப் பேசி முடிவெடுத்தீர்கள். சினை மீன் பள்ளத்துக்குள் போய்ப் பொரித்தது. அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்தீர்கள். நாணல் தூரில் நீர்நாய் வளை இருப்பதை முதலில் கண்டவர்கள் நீங்கள். வலையைக் கிழிக்கிற பிராணி என்று அதன்மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. ஆனாலும் புகை போடவில்லை, கண்ணி வைக்கவில்லை. எங்களிடம் வந்து சொன்னீர்கள், ஊருக்கு வெளியே சொல்ல வேண்டாம் என்றும் எச்சரித்தீர்கள். அந்த இடத்தை நானும் இங்கே எழுதவில்லை. கிழிந்த வலைக்கு ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து நூல் வாங்கித் தருவது என்று கூட்டத்தில் தீர்மானமாகியிருக்கிறது. அது உதவி இல்லை, உங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி.

எதிர்த்துப் பேசியவர்களுக்கும் நன்றி சொல்லாமல் விட முடியாது. படித்துறைக்குப் போகிற வழியில் புதர் மண்டினால் பாம்பு வரும், பெண்பிள்ளைகள் அந்தியில் போய்வர முடியாது என்று கூட்டத்தில் எழுந்து கேட்டார்கள் நான்கு பெண்கள். கேட்டது முழுக்கச் சரி. படித்துறைக்கு இரு பக்கமும் வெட்டவெளியாக விட்டதும், ஊராட்சி அங்கே விளக்கு போட்டதும் அவர்கள் கேட்டதால்தான். அப்படி யோசிக்காமல் காடு வளர்த்திருந்தால், ஊரே சேர்ந்து ஒரு நாள் அதை வெட்டிப் போட்டிருக்கும்.

டிராக்டர் விட்டவர்கள், மூங்கில் கூண்டு பின்னிக் கொடுத்த தாத்தா, நடவு நாளில் டீயும் வடையும் கணக்கில்லாமல் கொடுத்த கடைக்கார அண்ணன், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய நம் ஊர்ப் பிள்ளைகள், அனைவருக்கும் நன்றி. வரவு செலவு முழுவதும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறோம்.

தெற்கு வளைவில் அரித்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. வெட்டிவேர் வைத்துப் பார்க்கலாம் என்று லஸ்கர் அண்ணன் சொல்கிறார். புங்கன் காயும் நீர்மருது விதையும் பங்குனி, சித்திரையில் பொறுக்க வேண்டும். வர முடிந்தவர்கள் சின்னம்மா வீட்டில் சாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
படுகை வேலையில் உடன் நின்ற எல்லோர் சார்பிலும்,
உங்கள் ஊர்க்காரன்