நெல் காயப்போடும் போடிமாருக்கும் (வயல் சொந்தக்காரருக்கும்) மெசின்காரருக்கும் (பெட்டி பூட்டிய உழவு மெசின் ஓட்டுகிறவருக்கும்)

அம்பாறை மாவட்டக் கமக்காரர் அமைப்புகளின் தலைவர்மாருக்கும் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானைமாருக்கும், வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

பெரும்போக வெட்டுத் தொடங்கினால் காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி, சம்மாந்துறை தாண்டி அம்பாறை வரைக்கும் றோட்டோரம் பொன் நிறமாகிவிடும். அதே றோட்டில்தான் காலை ஏழு மணிக்குக் கந்தோருக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாங்கள் மோட்டார் சைக்கிளில் வரிசையாக ஓடுகிறோம். றோட்டில் நெல் போடவே கூடாது என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதம் கேட்கிறது. மெசினால் வெட்டிய நெல் அதைவிட ஈரமாகத்தான் வரும். களம் இல்லாதவர் எங்கே கொண்டுபோய்க் காயவைப்பது? போடுகிற விதத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

காய்ந்த நெல்மணி கெட்டியானது, வழுவழுப்பானது. சில்லுக்கும் தாருக்கும் நடுவில் அகப்பட்டால் உருளும். காருக்கு நாலு சில்லு, சமாளித்துவிடும். மோட்டார் சைக்கிளின் முன்சில்லு பிரேக்கில் பூட்டுப்பட்டால் ஹேண்டில் மடங்கி, கால் ஊன்றும் முன்பே ஆள் நிலத்தில். இதைவிடப் பெரிய ஆபத்து, நெல்லைக் கண்டதும் கண்ணாடி பார்க்காமல் வலது பக்கம் வெட்டுவது. பின்னால் வரும் பஸ்ஸுக்கு அதை எதிர்பார்க்க வழியில்லை.

ஆகவே முதல் வேண்டுகோள்: ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே போடுங்கள். கோடு அழிந்த இடத்தில், இடது ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் நேராகப் போகத் தார் தெரியட்டும். வளைவிலும் பாலத்திலும் போடவே வேண்டாம். ஒருவர் போட்ட இடத்துக்கு நேரே எதிர்ப்பக்கத்தில் மற்றவர் போட்டால் இருபக்க வாகனமும் நடுவில் வந்துதான் முட்டும்.

மெல்லிசாகப் பரவினால் கெதியாகக் காயும் என்று றோட்டை அகலமாகப் பிடிக்கிற பழக்கம் இருக்கிறது. அதில் உங்களுக்கும் நட்டம். தார்ச்சூட்டில் மணி வெடித்து, குற்றும்போது குறுணல் கூடிவிடும். 2 முதல் 4 சென்ரிமீற்றர் தடிப்பில் பரவி அரை மணிக்கொரு தரம் கிளறினால் அரிசி முழுசாக வரும், எங்களுக்கும் அரைவாசி றோட்டு மிஞ்சும்.

இனிக் கல். நெல்லில் வாகனம் ஏறாமல் இருக்கக் கல் வைக்கிறீர்கள். பின்னேரம் நெல்லை அள்ளுகிறவர் கல்லை விட்டுவிட்டுப் போகிறார். கறுத்த தாரில் கறுத்த கல், டிம் லைட்டில் கடைசி நிமிடம் வரை தெரியாது. 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவர் ஒரு வினாடியில் 14 மீற்றர் கடக்கிறார். கல்லைக் கண்டு கை பிரேக்கில் அழுந்துவதற்கே அந்த 14 மீற்றர் சரி. கல்லுக்குப் பதில் வெள்ளை உரப்பைக்குள் வைக்கோலை அடைத்து வாயைக் கட்டி வையுங்கள். தூரத்திலேயே தெரியும், மோதினாலும் ஆள் பறக்கமாட்டார். படங்கின் ஓரத்துக்கும் கல் வேண்டாம், மண் நிரப்பிய பை போதும். ஆனால் ஓரம் முழுக்க அழுந்தியிருக்க வேண்டும். பஸ் போகிற காற்றில் எழும்பும் படங்கு முன்சில்லில் சுற்றினால் தப்புவது கஷ்டம்.

அள்ளுவதை ஐந்தரைக்குள் முடியுங்கள். அள்ளிய பிறகு தும்புத்தடியால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கூட்ட வேண்டும். றோட்டின் நீளத்துக்குக் கூட்டினால் மணி பரவுமே தவிரப் போகாது. பதருக்காக இன்னொரு தரம் கூட்டுங்கள். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் முதல் தூறல் விழுந்ததும் தூசும் பதரும் சேர்ந்து களிபோலாகிவிடும்.

மெசின்காரருக்கு இரண்டே விசயம். பெட்டியின் பின்பக்கம் இரு மூலையிலும் சிவப்பு ஒளிதெறிப்பான் ஒட்டி, றோட்டில் ஏறுமுன் சேற்றைத் துணியால் துடையுங்கள். இருட்டில் சிவப்பு லைட் எரிய வேண்டும். வயலிலிருந்து ஏறும் இடத்தில் சில்லில் ஒட்டிய சேற்றை மண்வெட்டியால் தட்டிவிட்டு ஏறுங்கள். தாரில் விழும் களிக்கட்டி மழையில் நெல்லைவிட மோசம்.

எங்கள் ஆட்களிலும் பிழை உண்டு. ஊர்மனைக்குள் 50, வெளியே 70 என்பது மோட்டார் சைக்கிளுக்கான உச்ச வேகம். நெல் கிடக்கிற றோட்டில் அதுவும் அதிகம். நெல்லுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நெல்லில் ஏறியதும் பிரேக்கையும் திருப்பத்தையும் மறந்து, கையை இறுக்காமல் நேராக விடவேண்டும். வெட்டுக் காலத்தில் ஹெல்மெட் கண்ணாடியை மூடியே ஓடுங்கள், கண்ணில் விழும் சுணை பொல்லாதது. சீசன் முடிந்ததும் எயார் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். சூடான சைலன்சரோடு வைக்கோல் மேல் வண்டியை நிறுத்துகிற கெட்டித்தனமும் வேண்டாம்.

அடுத்த போகத்துக்கான ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியும் விதைப்புத் திகதியும் தீர்மானிக்கும்போது, எந்தக் கண்டத்து (வயல்வெளிப் பிரிவு) நெல் றோட்டின் எந்தப் பக்கம், எந்தத் தூணிலிருந்து எந்தத் தூண் வரைக்கும் என்பதையும் பேசிக் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள். அந்தக் குறிப்பின் பிரதி ஒன்றை எங்களுக்கும் தந்தால் கராஜ்களிலும் பெற்றோல் செட்டுகளிலும் நாங்களே ஒட்டுகிறோம்.

இப்படிக்கு,
காரைதீவு, சம்மாந்துறை, அம்பாறை வீதியில் தினமும் வேலைக்குப் போய்வரும் மோட்டார் சைக்கிள்காரர்கள்