நூலக வரி கட்டுகிறோம், புதுப் புத்தகம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

யாரும் இப்போது படிப்பதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. என் அம்மா வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைத்திருப்பார். கதைக்கு நடுவே பாதி ஜோக்கும் சோப்பு விளம்பரமும் சேர்ந்தே வரும். நான் படிக்கப் பழகியது அதில்தான். இப்போது கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறேன். மதுரைத் திட்டம் என்ற தமிழ் மின்னூல் இணையதளத்தில் 1998 முதல் தன்னார்வலர்கள் ஏற்றிவரும் சங்க இலக்கியம் முழுக்க இலவசம், எவ்வளவு பெரிய கொடை! ஆனால் பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்துவிடுகிறது, அப்புறம் விட்ட இடம் மறந்துபோகிறது. பெரிய நாவல் என்றால் எனக்கு இன்னும் தாள்தான் வேண்டும்.

அதற்காகக் கிளை நூலகம் போனால், புது நூல் அலமாரியில் இருப்பதெல்லாம் பல வருடம் பழையவை. 1948-லேயே நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகக் கட்டுகிறோம். சென்னையிலும் மதுரையிலும் பெரிய நூலகங்கள் வந்ததில் சந்தோஷம்தான், ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் நடந்து போகக்கூடியது கிளை நூலகத்துக்கு மட்டும்தான். அங்கே வருடத்துக்கு நூறு புதுப் புத்தகமாவது வாங்குங்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்காக இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்