வால்வை மூடினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஆர்.வி. (சமையலறையும் படுக்கையும் உள்ள பயண வண்டி) எடுத்துக் குடும்பத்தோடு சுற்றுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை பலருக்கும் பயன்படும். ஆனால் "சுரங்கப்பாதை வந்தால் கேஸ் வால்வை மூடிவிட்டுப் போகலாம்" என்ற ஒரு வரி அதில் இருக்கிறது. அதை நம்பி வாஷிங்டனிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்புகிறவர் முதல் ஒரு மணி நேரத்திலேயே, பால்டிமோரில், விதியை மீறிவிடுவார். அந்த வரியைத் திருத்தவே இக்கடிதம்.

புரொப்பேன் (அடுப்புக்கும் ஹீட்டருக்கும் எரிக்கும் கேஸ்) வைத்திருக்கும் ஆர்.வி.க்கு நாடு முழுவதற்கும் பொதுவான சுரங்கப்பாதை விதி கிடையாது. அபாயப் பொருள் லாரிகளுக்கான மத்திய அரசின் வழித்தட விதிகள், அபாயப் பலகை மாட்ட வேண்டிய சரக்கு வண்டிகளைப் பற்றியவை. அடுப்புக்கும் ஹீட்டருக்கும் கேஸ் வைத்திருக்கும் குடும்ப வண்டியைக் கட்டுப்படுத்துவது, அந்தந்தச் சுரங்கப்பாதையை நடத்தும் அமைப்பு போட்ட விதி. அதனால்தான் ஓர் ஊரில் செல்லும் வண்டி அடுத்த ஊரில் செல்லாது. வால்வை மூடிவிட்டுப் போகலாம் என்கிற பாதைகளும் உண்டு; மூடினாலும் உள்ளே வராதே என்கிற பாதைகளும் உண்டு. எது எந்த வகை என்று கிளம்பும் முன்பே பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதல் வகைக்கு வர்ஜீனியா நல்ல உதாரணம். ஹாம்ப்டன் ரோட்ஸ் பகுதிச் சுரங்கப்பாதைகளிலும் செசபீக் விரிகுடா பாலச் சுரங்கப்பாதையிலும், கழற்றக்கூடிய சிலிண்டர் என்றால் ஒவ்வொன்றும் 45 பவுண்டுக்கு மிகாமல் இரண்டு வரை கொண்டுபோகலாம். வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்திய டாங்க் என்றால் மொத்தம் 200 பவுண்டு வரை. உள்ளே இருக்கும்வரை வால்வு மூடியிருக்க வேண்டும். இங்கே பலர் ஒரு எண்ணைத் தவறாகப் படித்துக் குழம்புகிறார்கள். 20 பவுண்டு சிலிண்டரின் கழுத்து வளையத்தில் "டபிள்யூ.சி. 47.6" என்று பொறித்திருக்கும். அது கேஸின் எடை அல்ல. சிலிண்டர் நிறையத் தண்ணீர் பிடித்தால் வரும் எடை. அதை 0.42-ஆல் பெருக்கினால் கேஸின் அளவு வரும்: சரியாக 20 பவுண்டு. மோட்டார் ஹோமின் (தானே ஓடும் ஆர்.வி.யின்) அடியில் இருக்கும் டாங்கில் தண்ணீர்க் கொள்ளளவைக் கேலனில் போட்டிருப்பார்கள். அதில் 80 சதவீதம்தான் நிரப்புவார்கள். ஒரு கேலன் புரொப்பேன் ஏறத்தாழ 4.2 பவுண்டு. தகட்டில் 20 கேலன் என்றிருந்தால் 16 கேலன் கேஸ், அதாவது சுமார் 67 பவுண்டு. இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டு ஒரு தாளில் எழுதி வண்டியில் வைத்துக்கொள்ளலாம்.

சுரங்கமே இல்லாத வழி வேண்டுமென்று அங்கே ஐ-64 நெடுஞ்சாலையை விட்டு ஐ-664-க்கு மாறுகிறவர்கள் உண்டு. பயனில்லை, அதிலும் சுரங்கப்பாதை இருக்கிறது. ஜேம்ஸ் ஆற்றின் மேல் யு.எஸ். 17 போகும் பாலத்தில்தான் சுரங்கம் கிடையாது.

இரண்டாம் வகை பால்டிமோர். ஐ-95-இல் உள்ள ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கப்பாதை, ஐ-895-இல் உள்ள ஹார்பர் சுரங்கப்பாதை, இரண்டிலும் ஒரு கலனுக்கு 10 பவுண்டுக்கு மேல் புரொப்பேன் இருந்தால் அனுமதி இல்லை. சாதாரண ஆர்.வி.யின் மிகச் சிறிய சிலிண்டரே 20 பவுண்டு. ஆக, வால்வு மூடியிருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. முன்பெல்லாம் ஐ-695-இல் கிழக்கே திரும்பி ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தைக் கடப்பதே மாற்று வழி. 2024 மார்ச் 26 அன்று 'டாலி' என்ற சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் விழுந்துவிட்டது. பழைய வழிகாட்டிப் புத்தகங்களும் புதுப்பிக்காத ஜி.பி.எஸ். கருவிகளும் இன்னும் அந்தப் பக்கமே அனுப்பும். வடக்கே போகிறவர் ஐ-95-இன் 49-ஆம் எக்ஸிட்டில் (வெளியேறும் வழியில்) இறங்கி, ஐ-695-இல் மேற்காக டவ்சன் வழியே சுற்றி, 64-ஆம் எக்ஸிட்டில் மீண்டும் ஐ-95-இல் சேர வேண்டும். வழிகாட்டிச் செயலியில் டவ்சனை இடைநிறுத்தமாகக் குறித்துவிட்டால் அது சுரங்கத்தின் பக்கம் இழுக்காது.

நியூயார்க்கில் ஹாலண்ட், லிங்கன் சுரங்கப்பாதைகள் இரண்டிலும் புரொப்பேனுக்குத் தடை. ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் போவதென்றால் மேல்தளம் மட்டுமே. அதைவிட ஐ-287-இல் வடக்கே ஏறி மரியோ குவோமோ பாலத்தில் ஹட்சன் ஆற்றைக் கடப்பது நல்லது. இங்கே இன்னொரு பொறியும் உண்டு. சுரங்கத்தைத் தவிர்க்கிறேன் என்று கார்களுக்கான செயலியை நம்பினால், அது 'பார்க்வே' சாலைகளில் கொண்டுபோய் விடும். அவற்றின் குறுக்கே மேலே போகும் பாலங்கள் மிகத் தாழ்வு. டிரெய்லருக்கு அனுமதியும் இல்லை. கேஸ் பிரச்சினையைத் தீர்த்துக் கூரையைப் பறிகொடுத்தவர்கள் இப்படித்தான் சிக்குகிறார்கள்.

பாஸ்டனில் ஐ-93 நகருக்கு அடியிலும், ஐ-90 டெட் வில்லியம்ஸ் சுரங்கப்பாதையிலும் போகின்றன. கேஸ் இருந்தால் இரண்டும் வேண்டாம். மேற்கிலிருந்து வருகிறவர் வெஸ்டனில் ஐ-95-க்கு மாறி நகரைச் சுற்ற வேண்டும்.

இத்தனை தலைவலியும் ஒன்றாகத் தீர ஒரு வழி உண்டு: வர்ஜீனியாவிலிருந்து ஐ-81-ஐப் பிடித்து ஹாரிஸ்பர்க், ஸ்க்ரான்டன் வரை போய், அங்கிருந்து ஐ-84-இல் நியூபர்க்-பீக்கன் பாலத்தைக் கடந்து கனெக்டிகட்டுக்குள் நுழைவது. தூரம் கூடும். ஆனால் பெரிய டிரெய்லர் இழுக்கிறவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

இதெல்லாம் வீண் கெடுபிடி என்று நினைப்பவர்களுக்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும். புரொப்பேன் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, பள்ளத்தில் தேங்கும். ஆற்றுக்கடியில் செல்லும் சுரங்கம் நடுவில் தாழ்ந்து இருபுறமும் ஏறுவது, கிண்ணம் போல. கசிந்த வாயு தானாக வெளியேற அங்கே வழியில்லை. காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். திரவமாக ஒரு லிட்டர் வெளியே வந்தால் ஏறத்தாழ 270 லிட்டர் வாயுவாகும். 1949 மே 13 அன்று ஹாலண்ட் சுரங்கத்துக்குள் கார்பன் டைசல்ஃபைடு பீப்பாய்கள் ஏற்றிய லாரி எரிந்து 66 பேர் காயப்பட்டார்கள். அது வேறு ரசாயனம்தான். ஆனாலும் மூடிய குழாய்க்குள் தீ என்றால் என்ன என்பதை அது காட்டியது.

மூடிவிட்டுப் போகலாம் என்கிற பாதையிலும் மூடுவதை முறையாகச் செய்ய வேண்டும். அடுப்பு, ஹீட்டர், வாட்டர் ஹீட்டர், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் முதலில் உள்ளே அணைத்துவிட்டு, பிறகு டாங்கிலேயே வால்வைக் கடிகாரச் சுற்றில் கையால் மூடுங்கள். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் உள்ளே கேஸை அடைக்கும் சீட் கெடும். இரண்டு சிலிண்டர் இருந்தால் இரண்டையும் மூட வேண்டும். ஒன்று மூடியதும் தானாக மறுபக்கம் மாறும் ரெகுலேட்டர் இருப்பதால், ஒன்றை மட்டும் மூடினால் கேஸ் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஓட்டும்போது வால்வு திறந்திருந்தால் ஒரு டயர் வெடித்து அடியில் உள்ள குழாயைக் கிழித்தாலே போதும், டாங்கில் இருக்கும் கேஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். மூடியிருந்தால் குழாயில் இருக்கும் கொஞ்சம் மட்டுமே போகும்.

கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜில் இருப்பது கெட்டுவிடுமே என்று பயந்துதான் பலர் மூடுவதில்லை. முந்தைய இரவே மின் இணைப்பில் நன்றாகக் குளிரவைத்து, கதவைத் திறக்காமல் இருந்தால் நாலைந்து மணி நேரம் தாங்கும். அந்தப் பயத்துக்கு அவசியமே இல்லை.

மறுபடி திறக்கும்போது அவசரம் கூடாது. சட்டென்று திறந்தால் சிலிண்டரின் பாதுகாப்பு அமைப்பு குழாய் உடைந்துவிட்டதாக எண்ணி ஓட்டத்தைக் குறைத்துவிடும். அடுப்பில் சுடர் சிறுத்து நிற்கும். அப்படி ஆனால் எல்லாவற்றையும் அணைத்து, வால்வை மூடி, சில நிமிடம் கழித்து மெதுவாகத் திறக்க வேண்டும். முதலில் அடுப்பைப் பற்றவைத்துக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றிய பிறகே ஃப்ரிட்ஜைப் போடுங்கள். இல்லையென்றால் அது சில முறை முயன்றுவிட்டுப் பிழை காட்டி நின்றுவிடும்.

வாடகைக்கு எடுப்பவர்கள் சாவியை வாங்கும்போதே இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: டாங்க் எத்தனை பவுண்டு, வால்வு எங்கே இருக்கிறது. வண்டியின் உயரத்தையும் கேட்டு, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். ஆர்.வி.க்கான ஜி.பி.எஸ். கருவி என்றால் கேஸ் இருப்பதை அமைப்பில் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் அதுவும் கார் கருவி போலத்தான் வழி சொல்லும். போகும் நாளுக்கு முதல் நாள், வழியில் வரும் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் அதை நடத்தும் அமைப்பின் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வழி தவறித் தடையுள்ள சுரங்கத்தை நெருங்கிவிட்டால், சாலையோரம் நிறுத்தி வால்வை மூடிவிட்டு நுழைவது தீர்வாகாது. கடைசி எக்ஸிட் என்று முன்கூட்டியே பலகை இருக்கும். ஃபோர்ட் மெக்ஹென்றிக்கு வடக்கு நோக்கிச் செல்கையில் அது 55-ஆம் எக்ஸிட். அதில் இறங்கித் திரும்புங்கள்.

கோடை விடுமுறைக்கு வண்டி பதிவு செய்பவர்கள் தங்கள் கட்டுரையை வெட்டி வைத்திருப்பார்கள். அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே, அதே பக்கத்தில், அந்த ஒரு வரிக்கான திருத்தத்தை வெளியிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆர்.வி. பயணிகளான வாசகர்கள்