கேடயத்தோடு ஒரு பக்க வரலாறும் கொடுங்கள்

விருதுநகர் வட்டார வணிகர் சங்கத் தொண்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்கத் தொண்டர்களே, வணக்கம்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பக்கத்தில் கோவில்பட்டி என்று நம் ஊர்ப் பக்கம் வணிகர் சங்க விழா எடுக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மே 5 வணிகர் தினமோ, சங்கத்தின் ஆண்டு விழாவோ, ஒரு கடையின் பொன்விழாவோ, எதுவானாலும் மேடைக்குப் பின்னால் ஓடுகிறவர்கள் நீங்கள்தான். சொந்தக் கடையைத் தம்பியிடமோ மனைவியிடமோ விட்டுவிட்டு வந்து அழைப்பிதழ் அடிக்கிறீர்கள், பந்தல்காரரிடம் பேசுகிறீர்கள், கேடயத்தில் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று நடுராத்திரியில் எடுத்துப் பார்க்கிறீர்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. நோட்டீசில் பெயர் வந்தாலும் கடைசி வரியில்தான் வரும். முதலில் அதற்கு என் மனமார்ந்த நன்றி.

கூடவே ஒரு கோரிக்கை.

பாராட்டு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். "அடுத்ததாக" என்று மைக்கில் கூப்பிடுவார்கள். எழுபதைத் தாண்டிய ஒருவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு படியேறுவார். கடையின் பெயரும் தொடங்கிய வருடமும் மட்டும் ஒலிபெருக்கியில் கேட்கும். பொன்னாடை, கேடயம், போட்டோ. அதற்குள் அடுத்தவர் படியில் நிற்பார். நேரம் இல்லை என்பது எனக்கும் புரிகிறது, சிறப்பு விருந்தினர்கள் பேசியாக வேண்டும். ஆனால் அந்தப் பெரியவர் கீழே வந்து உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச ஆரம்பிப்பார். அதைக் கேட்டிருக்கிறீர்களா? மிளகாய் வற்றல் மண்டியில் எடுபிடியாகச் சேர்ந்தது, முதலாளி ஒரு வற்றலை எடுத்துக் காதருகே குலுக்கி உள்ளே விதை ஆடுகிற சத்தத்தை வைத்தே காய்ச்சல் போதுமா இல்லையா என்று சொன்னது, ஒரு மழையில் சிப்பம் எல்லாம் நனைந்து கடனுக்கு எடுத்த சரக்கு மொத்தமும் வீணானபோது எதிர்க்கடைக்காரர் வந்து ஜாமீன் நின்றது. ஊருக்குத் தெரிய வேண்டியது இந்தப் பேச்சுதான். அது அந்த இரண்டு நாற்காலிகளோடு முடிந்துபோகிறது.

அதனால்தான் கேட்கிறேன்: நீங்கள் பாராட்டும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே உங்களில் ஒருவர் போய் உட்கார்ந்து கேட்டு எழுதினால் போதும். மேடையில் அதை வாசித்துவிட்டு, வருட முடிவில் எல்லாப் பக்கங்களையும் சேர்த்துச் சங்க அலுவலகத்தில் ஒரு பிரதி, ஊர் நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள்.

இதை நம் ஊரில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வியாபாரிகள் கூடி ஊருக்குச் செய்வது இங்கே சங்கங்களைப் பதிவு செய்த பிறகு வந்த பழக்கம் இல்லை. விருதுநகர் விருதுபட்டியாக இருந்த காலத்திலேயே மகமை இருந்தது. வந்து இறங்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரியும் பொதுவுக்கு எடுத்து வைத்தார். வீடுகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டார்கள். 1889இல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலா மகமைப் பணத்திலும் பிடி அரிசியிலும் நடந்த பள்ளிக்கூடம். அங்கே படித்த பையன்களில் ஒருவர்தான் காமராஜர். தகப்பனார் இறந்து, படிப்பு நின்று, மாமாவின் ஜவுளிக் கடையில் வேலைக்கு உட்கார்ந்தவர் அவர். பின்னாளில் முதலமைச்சராகி, ஊர் மக்களும் பங்கு போட்டு நடத்தும் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, அந்தப் பிடி அரிசிப் பானை அவர் மனதில் இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

பள்ளிக்கூடம் கட்டிய பெரியவர்களின் பெயர் நமக்குத் தெரியும். அரிசி போட்ட பெண்களின் பெயரை எங்கே போய்த் தேடுவது? மூட்டைக்கு மகமை எடுத்த சின்னக் கடைக்காரர்களின் பெயரெல்லாம் எந்தப் பேரேட்டில் இருக்கிறது? அந்தப் பேரேடுகளில் எத்தனை பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோயில் வாசலிலேயே நிறுத்திவைக்கப்பட்ட நாடார் சமூகம் தனக்குத் தானே சரக்கு இறக்கும் பேட்டையும் கிணறும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொண்ட வரலாறு இது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்று தொடங்கி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியதும் அதே உழைப்பின் தொடர்ச்சிதான். எவ்வளவு பெருமைப்பட்டாலும் தகும். ஆனால் வெளியே நிறுத்தப்படுவதன் வலி தெரிந்த ஊர், தன் விழா மேடையில் யாரெல்லாம் ஏறுகிறார்கள் என்று மற்ற ஊர்களைவிட அதிகமாகவே கவனிக்க வேண்டும். சங்கத்தில் உறுப்பினரே இல்லாத பாய் கடை, பஸ் ஸ்டாண்டு ஓரம் ராத்திரி முழுக்க எண்ணெய்ப் புரோட்டா போடுகிறவர், வாழ்நாள் முழுக்க மண்டியில் மூட்டை சுமந்தவர், நாற்பது வருடம் ஒரே கல்லாவுக்குக் கணக்கு எழுதிய கணக்குப்பிள்ளை, இவர்களுக்கும் அந்தப் படியில் இடம் வேண்டும்.

சிவகாசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, 1923இல் இங்கே தொடங்கினார்கள். அந்த நூற்றாண்டைப் பேசும்போது இருவர் படத்துக்கும் மாலை போடுவது நியாயம். அதே நூறு வருடமும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியவர்களும் கட்டை அடுக்கியவர்களும் சுற்றுக் கிராமத்துப் பெண்கள்தானே? அவர்களில் இன்று இருக்கிற பாட்டிமார்களை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்து, ஒருவரையாவது பேசச் சொல்லுங்கள். நீங்கள் எழுதும் பக்கங்களில் அவர்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும்.

இதெல்லாம் பழம்பெருமை, இன்றைய வியாபாரத்துக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இலும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பிக்கும்போது, இந்தப் பொருள் இந்த ஊரில் இத்தனை காலமாக இருக்கிறது என்று ஆதாரம் காட்டியாக வேண்டும். நல்ல ருசி என்று சொன்னால் மட்டும் போதாது. பழைய ரசீது, விளம்பர நோட்டீசு, பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாம் அப்போது பணம் மாதிரி. நாளைக்கு நம் ஊரின் இன்னொரு பண்டத்துக்கு யாராவது ஆதாரம் தேடி வந்தால், கையில் எடுத்துக் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? கோட்டையூர் ரோஜா முத்தையா, மற்றவர்கள் தூக்கிப்போடும் அழைப்பிதழையும் நோட்டீசையும்கூட விடாமல் சேர்த்து வைத்தார். அவர் சேர்த்ததுதான் இன்று சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. ஒரு தனி மனிதரால் அது முடிந்தது என்றால், பருப்புக்கும் எண்ணெய்க்கும் வற்றலுக்கும் தன் விலை நிலவரத்தைப் பத்திரிகையில் போடவைத்த விருதுநகர்ச் சந்தையால் முடியாதா?

அப்புறம், மூடுகிற கடைகள். திறப்பு விழாவுக்கு எல்லோரும் போகிறோம். மூன்று தலைமுறை நடந்த கடை ஒன்று, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள் என்றோ ஆன்லைன் போட்டியைத் தாங்க முடியவில்லை என்றோ ஷட்டரை இறக்கும்போது ஒருவரும் போவதில்லை. தோற்றுவிட்டது போல அந்த மனிதர் தனியாகச் சாமான்களை ஏற்றி அனுப்புகிறார். அந்த நாளில் நீங்கள் நாலு பேர் ஒரு பொன்னாடையோடு போய் நில்லுங்கள். அவர் கடையில் கடனுக்கு அரிசி வாங்கிப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் அந்தத் தெருவில் இருப்பார்கள், அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகங்களைப் பேப்பர் கடைக்குப் போடாமல் சங்கத்துக்குக் கொடுங்கள் என்று அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தக் கடையின் ஒரு பக்கத்தை மற்றக் கடைகளுக்கு முன்னால் எழுதுங்கள், ஏனென்றால் அதற்குத்தான் நேரம் குறைவு.

எழுத ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டிகள் பூட்டியிருக்கும், பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள். எந்தக் கடையிலிருந்து ஆரம்பிப்பது என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
மண்டித் தெருவில் வளர்ந்த ஒருவன்