கிரேக்கமும் சுவாஹிலியும்: ஒரே அச்சில் வார்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கப்பல் வேலைக்கும் கிழக்காப்பிரிக்காவில் கம்பெனி வேலைக்கும் கிளம்பும் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பிள்ளைகளிடம் இரண்டு வகை ஜெராக்ஸ் தாள்கள் கைமாறுகின்றன. ஒன்று கிரேக்கம், மற்றது சுவாஹிலி. இரண்டிலும் இடப்பக்கம் தமிழ்; வலப்பக்கம் அந்த மொழிச் சொல், தமிழ் எழுத்தில். இரண்டையும் ஒரே அச்சில் வார்த்ததுதான் கோளாறு. கிரேக்கத்தில் தமிழர் தடுக்கி விழும் இடம் வேறு, சுவாஹிலியில் வேறு. உங்கள் கல்வி இணைப்பிலாவது இந்தப் பிழை நேரக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

யவனர் வந்து போன நாடு இது, அதனால் கிரேக்கம் நமக்குச் சுலபமாக வரும் என்று பலர் நம்புகிறார்கள். வணிகத் தொடர்பு உண்மைதான். முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் முசிறியும் வருகிறது, கிழக்காப்பிரிக்கக் கரையின் ராப்டா துறையும் வருகிறது. ஆனால் மிளகு ஏற்றிப் போனவர்கள் இலக்கணத்தை இறக்கிவிட்டுப் போகவில்லை. சொல்லைக் கட்டும் முறையில் தமிழுக்குப் பக்கத்தில் நிற்பது சுவாஹிலி. இனமொழி என்று சொல்ல வரவில்லை. அது பாண்டு குடும்பம், நம்முடையது திராவிடம். கட்டுமானம் மட்டும் ஒத்துப்போகிறது.

'படித்தேன்' என்பதைப் பிரித்தால் படி, த்த், ஏன். சுவாஹிலியில் 'நிலிசோம'. நி என்பது நான், லி இறந்தகாலம், சோம என்பது படி. துண்டுகள் அதே, வரிசை மட்டும் நேர் தலைகீழ். லியை எடுத்துவிட்டு ந வைத்தால் 'நினசோம', படிக்கிறேன். ட வைத்தால் 'நிட்டசோம', படிப்பேன். பள்ளியில் பகுதி, இடைநிலை, விகுதி பிரித்துப் பழகியவருக்கு இதை அரை மணி நேரத்தில் புரியவைத்துவிடலாம். ஜெராக்ஸ் தாளோ ஒவ்வொரு வடிவத்தையும் தனிச் சொல்லாக மனப்பாடம் செய்யச் சொல்கிறது.

சுவாஹிலியில் சறுக்கும் இடம் பெயர்ச்சொல். புத்தகம் 'கிட்டாபு', புத்தகங்கள் 'விட்டாபு'. அரபியின் கிதாப்தான், முதலில் வரும் கி-யைத் தங்கள் முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டு பன்மைக்கு வி ஆக்கிவிட்டார்கள். நல்ல புத்தகம் 'கிட்டாபு கிஸூரி', நல்ல புத்தகங்கள் 'விட்டாபு விஸூரி'. தமிழில் 'நல்ல' மாறாது. அந்தப் பழக்கத்தில் 'விட்டாபு கிஸூரி' என்று சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். பெயரின் தலையில் இருக்கும் ஒட்டு அடைமொழிக்கும் எண்ணுக்கும் வினைக்கும் போக வேண்டும். திணையிலும் ஒரு வேறுபாடு உண்டு. நமக்குக் கோழி அஃறிணை. அங்கே விலங்கும் பறவையும் மனிதரோடு ஒரே வரிசை. இரண்டு புத்தகம் 'விட்டாபு விவீலி', இரண்டு பேர் 'வாட்டு வவீலி', இரண்டு கோழியும் 'கூக்கு வவீலி'தான்.

சொல்வளத்தில் சில இடங்களில் மனம் நிறைந்துபோகும். நெல்லுக்கு 'ம்பூங்க', அரிசிக்கு 'ம்ச்சேலெ', சோற்றுக்கு 'வாலி' என்று மூன்று தனிச் சொல். கிரேக்கத்தில் மூன்றுக்கும் 'ரீஸி' ஒன்றுதான். சித்தப்பா 'பாப ம்டோகொ', அதாவது சின்ன அப்பா, பெரியப்பா 'பாப ம்கூப்வ', தாய்மாமன் 'ம்ஜோம்ப', அத்தை 'ஷங்காஸி'. கிரேக்கத்தில் சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாருமே 'தீயொஸ்'. இந்தச் சொற்களில் முதலில் நிற்கும் ம் தனி அசை. அதை 'மு' ஆக்கக் கூடாது.

நேரம் சொல்வதில்தான் நிஜமான நஷ்டம். 'ஸா டாட்டு' என்றால் அகராதிப்படி மூன்று மணி. ஆனால் சுவாஹிலியில் பகல் கணக்கு காலை ஆறிலிருந்து ஓடுவதால் அது நம் ஒன்பது மணி. இன்டர்வியூவுக்கு மூன்று மணிக்குப் போய் நின்றால் வேலை போயிருக்கும். கடிகார முகத்தில் அவர்கள் சொல்லும் எண்ணுக்கு நேர் எதிரில் உள்ள எண்ணைப் படித்தால் போதும். ஜாதகத்தில் உதயாதி நாழிகை (சூரிய உதயத்திலிருந்து எண்ணும் கணக்கு) பார்த்தவர் வீட்டுப் பிள்ளைக்கு இது புதிதும் அல்ல.

கிரேக்கத்தில் முதல் வேலை எழுத்து. மொத்தம் 24 எழுத்துதான், ஆனால் இகர ஒலி ஒன்றையே ஆறு விதமாக எழுதுவார்கள். அதனால் காதால் மட்டும் கற்றவரால் போர்டு படிக்க முடியாது. அடுத்தது பால். 'கொரீட்ஸி' என்றால் சிறுமி, இலக்கணப்படி ஒன்றன்பால்! பொருளை வைத்து ஊகிக்க வழியில்லை என்பதால் ஆண்பாலுக்கு ஒ, பெண்பாலுக்கு இ, ஒன்றன்பாலுக்கு டொ என்ற முன்சொல்லோடு சேர்த்தே ஒவ்வொரு பெயரையும் படிக்க வேண்டும். வேற்றுமை இன்றைய கிரேக்கத்தில் நான்குதான். விளி வேற்றுமை நமக்குப் பழக்கமானது. நீக்கொஸ் என்பவரைக் கூப்பிட 'நீக்கொ'. வினைதான் கடினம். ஒருமுறை எழுதுவேன் என்பது 'த க்ராப்ஸொ', வழக்கமாக எழுதுவேன் என்பது 'த க்ராஃபொ'. தமிழில் இரண்டும் 'எழுதுவேன்'. ஆமாம் என்பதற்கு 'நெ' என்பார்கள். இங்கிலீஷ் 'நோ' என்று காதில் விழுந்து குழப்பும். இல்லை என்பது 'ஓஹி'.

உச்சரிப்பில் நமக்கு ஒரு சொத்து இருக்கிறது. 'அது' என்னும்போது வரும் த-தான் கிரேக்க எழுத்து டெல்டாவின் ஒலி. 'முகம்' என்பதன் க, காமா என்ற எழுத்தின் ஒலிக்குப் பக்கத்தில் வரும். சொல் நடுவில் தானாக வரும் அந்த ஒலியைச் சொல் முதலில் வைத்துப் பழகினால் போதும்.

இனி அச்சுக்கான கோரிக்கை. கிரேக்கத்தில் அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறும். 'போட்டெ' எப்போது, 'பொட்டே' ஒருபோதும் இல்லை. 'நோமொஸ்' சட்டம், 'நொமோஸ்' மாவட்டம். அழுத்தம் விழும் அசைக்கு மட்டும் நெடில், மற்றதெல்லாம் குறில் என்று வைத்துக்கொண்டால் தமிழ் எழுத்திலேயே இது தெளிவாகத் தெரியும். மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். சுவாஹிலியில் அழுத்தம் ஏறக்குறைய எப்போதும் கடைசிக்கு முந்திய அசையில். அங்கே சிக்கல் வல்லினம்: p-க்கும் b-க்கும் நமக்கு ஒரே ப, t-க்கும் d-க்கும் ஒரே ட. 'பாட்ட' என்று எழுதினால் கிடைக்கப்பெறு என்பதா, வாத்து என்பதா தெரியாது. 'டாக்க' என்றால் விரும்பு என்றும் இருக்கலாம், பாய்ந்து பிடி என்றும் இருக்கலாம். இதற்குச் சுலோகப் புத்தகங்களில் பல காலமாக இருக்கும் வழி போதும், b, d போன்ற ஒலி வரும் எழுத்தின் மேல் சிறிய 3 போடுவது: வாத்துக்கு பா³ட்ட, பிடி என்பதற்கு டா³க்க. மாணவர் இணைப்பில் இனி வெளியிடும் சொற்பட்டியல்களில் சுவாஹிலிக்கு இந்த 3-ஐயும் கிரேக்கத்துக்கு நெடில் முறையையும் போட வேண்டும். கிரேக்கச் சொல்லுக்குப் பக்கத்தில் அதன் சொந்த எழுத்தையும் சேர்த்தே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
மொழிப் பயிற்றுநர்,
ராயபுரம், சென்னை-13