வெயில் காலத்தில் காற்றைக் குறைக்காதீர்கள், டயர் வெடித்தால் பிரேக்கைத் தொடாதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சித்திரை பிறந்ததும் நம் கடைக்கு வருகிறவர்களில் பலர், "வெயில் காலம்ணா, ரெண்டு பாயின்ட் கம்மியா வைங்க" என்கிறார்கள். இந்த மடலை எழுத அதுதான் காரணம். தயவுசெய்து அப்படிக் குறைக்காதீர்கள். காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடிப்புதான் சூட்டைக் கிளப்புகிறது. வெளியே 40 டிகிரி, கீழே கொதிக்கிற ரோடு, பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய சாமான், 100 கிலோமீட்டர் வேகம். இவ்வளவும் சேர்ந்தால் உள்ளே நூலும் ரப்பரும் பிரிந்து டயர் வெடிக்கிறது.

டிரைவர் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் போட்டிருக்கிற அளவுதான் சரி. முழு லோடுக்குப் பெரும்பாலும் அதிலேயே தனி அளவு கொடுத்திருப்பார்கள். காலையில், டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் சில பாயின்ட் கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது.

சரி, ஓடும்போதே வெடித்துவிட்டால்?

சில வருடங்களுக்கு முன் பெங்களூரிலிருந்து திரும்பும்போது, வாணியம்பாடி தாண்டி ஆம்பூருக்கு முன்னால் என் வண்டியின் பின் டயர் போனது. டயர் தொழிலிலேயே இருக்கிறவன் நான். ஆனாலும் சத்தம் கேட்ட நொடியில் கால் தானாக பிரேக்கில் ஏறிவிட்டது. பின்பக்கம் சறுக்கி, வண்டி அப்படியே சுழன்று நடுவிலிருக்கும் அரளிச் செடிகளை ஒட்டி நின்றது. பின்னால் லாரி எதுவும் வராததால் நானும் என் வீட்டாரும் பிழைத்தோம்.

பிரேக் போட்டதும் வண்டியின் பாரம் முன்னால் சாயும். பின் டயர் வெடித்திருந்தால் பின்பக்கம் மிச்சமிருக்கும் பிடிப்பையும் இழக்கும். முன் டயர் என்றால் வண்டி ஏற்கெனவே அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும், பிரேக் அந்த இழுப்பைக் கூட்டிவிடும். அதனால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து வண்டியை நேராக வைத்திருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுக்காமல் மெல்ல மெல்ல விடுங்கள். வெடித்த டயரே வேகத்தைக் குறைத்துவிடும். 40க்குக் கீழே இறங்கிய பிறகு கண்ணாடியைப் பார்த்து, இடது ஓரம் ஒதுங்கி, அப்புறம் மெதுவாக பிரேக். ரிம் நசுங்குமே என்று அவசரப்பட வேண்டாம். ரிம் வாங்கிக்கொள்ளலாம்.

நின்றதும் நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, எல்லோரும் இடது கதவு வழியாக இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கள். வலது பக்க டயர் என்றால் வண்டிகள் பறக்கிற பக்கம் உட்கார்ந்து கழற்ற வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐக் கூப்பிடுங்கள்.

டயர் சுவரில் நான்கு இலக்கம் பார்த்திருப்பீர்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர் கட்டைகள்) நன்றாக இருந்தாலும் வயதான ரப்பரை நம்பி நெடுந்தூரம் போகாதீர்கள். சுவரில் புடைப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

பள்ளிகொண்டா டோல் பக்கம் போனாலும் வாலாஜா டோல் பக்கம் போனாலும், கிளம்புகிற அன்று காலை 7 மணிக்கு நம் கடைக்கு ஒரு நடை வாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயருக்கும் காற்று பார்த்து அனுப்புகிறோம். காசு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டயர் கடையிலிருந்து,
சத்துவாச்சாரி, வேலூர்