சிஸ்டம் ஆன் ஆகவில்லையா? ஃபார்மேட்டைக் கடைசியில் வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயிலும் மின்வெட்டும் சேர்ந்து வரும் மாதங்களில் வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரத்தில் "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு, இன்னைக்கு ஆன் ஆகல" என்று பழுதுக்கு வரும் கம்ப்யூட்டர்கள் கூடிவிடும். பத்திர எழுத்தர் அலுவலகம், ஜவுளிக் கடை, போட்டோ ஸ்டுடியோ என எங்கிருந்து வந்தாலும் பல கடைகளில் எழும் முதல் கேள்வி, "ஃபார்மேட் போட்டுடலாமா சார்?" என்பதுதான். அதாவது, டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. டிஸ்க் கெட்டுக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்கு இதைவிடக் கேடான வைத்தியம் கிடையாது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் சரியான வரிசையைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில், "ஆன் ஆகவில்லை" என்றால் என்னவென்று பிரித்துப் பார்க்க வேண்டும். விளக்கும் எரியவில்லை, ஃபேனும் சுற்றவில்லை என்றால் அது எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) அல்லது பவர் கார்டு கோளாறு. ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை என்றால் ரேம் பக்கம் பார்க்கலாம். கம்பெனி லோகோ வந்து, பிறகு கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்றோ 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்றோ நின்றால்தான் டிஸ்க் மேல் சந்தேகம் வர வேண்டும். விண்டோஸ் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்து உள்ளே போகாவிட்டாலும் அப்படியே.

அப்போதும் டிஸ்க்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய் (டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் டெலிட் கீ, லேப்டாப்பில் எஃப்2 அல்லது எஃப்10) முதலில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. புதுச் செல் 3 வோல்ட் கொடுக்கும். அது இறங்கிவிட்டால், மின்வெட்டு வந்து மெயின் சுவிட்சும் அணைந்த பிறகு பயாஸ் தன் அமைப்புகளை மறந்து பழைய நிலைக்குப் போய்விடும். டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ அல்லது ரெய்டுக்கு மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரை காட்டி நிற்கும். சில மதர்போர்டுகளில் விண்டோஸை ஏற்றும் முறை யுஇஎஃப்ஐ-க்கும் (புதியது) லெகசிக்கும் (பழையது) இடையில் மாறிவிடும், அப்போது டிஸ்க் இருந்தும் 'டிவைஸ் இல்லை' என்று காட்டும். செல்லை மாற்றி, முன்பிருந்த முறையை வைத்துச் சேமித்தால் போதும். சில பத்து ரூபாய் வேலை இது. இதற்குப் போய் ஃபார்மேட் போட்டவர்களும் உண்டு.

பயாஸில் டிஸ்க்கின் பெயரே வரவில்லை என்றால் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றி, மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். டிஸ்க்குக்கு வரும் பவர் வயரில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட். மல்ட்டிமீட்டரில் மஞ்சள் 11.4-க்குக் கீழோ சிவப்பு 4.75-க்குக் கீழோ போனால் கோளாறு எஸ்எம்பிஎஸ்-ல். இந்த அளவை டிஸ்க் மாட்டியிருக்கும்போதே எடுக்க வேண்டும். மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வலுவிழந்த எஸ்எம்பிஎஸ் அந்த நொடியில்தான் படுக்கும், சும்மா அளந்தால் நல்ல பிள்ளையாகத் தெரியும்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைகளை ஒட்டி இருக்கும் அலுவலகங்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். தோல் பதனிடும் இடத்துக் காற்றில் உள்ள கந்தக வாயு, செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். டிஸ்க்கின் அடியில் உள்ள பச்சைப் பலகையை டி6 அல்லது டி8 நட்சத்திரத் திருப்புளியால் கழற்றித் திருப்பினால், மோட்டாருக்கும் ஹெட்டுக்கும் (தட்டிலிருந்து தரவைப் படித்து எழுதும் முனை) தொடர்பு தரும் சின்னச் சின்னப் பட்டைகள் தெரியும். அவை கறுத்திருந்தால், பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டி, மறுபடி பூட்டிப் பார்க்கலாம். அதே மாடல் டிஸ்க்கிலிருந்து பலகையை எடுத்து மாற்றினால் ஓடிவிடும் என்று சிலர் சொல்வார்கள். இன்றைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான அளவுகள் பலகையில் உள்ள ரோம் (ROM) சிப்பில் பதிந்திருக்கும் என்பதால், அந்தச் சிப்பையும் பெயர்த்து மாற்றாமல் அது பெரும்பாலும் பலிக்காது.

பயாஸில் டிஸ்க்கின் பெயர் வருகிறது, ஆனால் விண்டோஸுக்குள் போகவில்லை என்றால் காதைக் கொடுங்கள். 'டக்... டக்... டக்' என்று சீராகச் சத்தம் வந்தால், ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. உடனே பவரை எடுத்துவிடுங்கள். ஹெட் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பது. அது உரசினால் போட்டோவும் கணக்கும் இருக்கும் பூச்சே தூளாக உதிரும். "இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்பதுதான் இங்கே பெரிய எதிரி. மூடியைத் திறந்து பார்ப்பதும் ஃப்ரீசரில் வைப்பதும் வேண்டாம். தூசியும் ஈரமும் மிச்சத்தை முடித்துவிடும். தூசியில்லா அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி ஆய்வகம் ஒன்றுதான் வழி, செலவு ஆயிரக்கணக்கில் ஆகும். அது வேண்டுமா என்பதை டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பதை வைத்து உரிமையாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சத்தம் இல்லை என்றால் நம்பிக்கை உண்டு. ஆனால் விண்டோஸைத் திரும்பத் திரும்ப ஏற்ற முயலக் கூடாது. அது தானாகவே 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்', 'செக்டிஸ்க்' (டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் கட்டளை) என்று இறங்கி, நலிந்த டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். '/r' சேர்த்துக் கொடுத்த செக்டிஸ்க், டிஸ்க் முழுவதையும் படித்து, ஃபைல் பட்டியலையும் திருத்தி எழுதும். நல்ல டிஸ்க்குக்கு அது மருந்து, போகிற டிஸ்க்குக்கு விஷம்.

இதற்குப் பதிலாக, லினக்ஸ் பென்டிரைவில் கம்ப்யூட்டரை ஏற்றி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் படியுங்கள். நான்கு எண்கள் போதும். 05 என்பது ஏற்கெனவே கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (தரவு எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள்). சி5, படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி6, சரிசெய்ய முடியாதவை. இந்த மூன்றில் ஒன்று நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் விடைபெறுகிறது. சி7 மட்டும் ஏறியிருந்தால் குற்றம் கேபிளில், டிஸ்க்கில் அல்ல. எழுதும் நொடியில் மின்சாரம் போனாலும் சி5-ல் ஒன்றிரண்டு விழும், அந்த இடத்தில் மறுபடி எழுதினால் அது இறங்கிவிடும். ஆகவே சி5-ல் ஒன்று தெரிந்ததற்காகப் பதற வேண்டாம், அதற்காக அலட்சியமும் வேண்டாம்.

இனி உண்மையான வேலை. டிஸ்க்கை யுஎஸ்பி பெட்டியில் போடாமல் நேரே சாட்டா போர்ட்டில் மாட்டி, அதைவிடப் பெரிய இன்னொரு டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் முழு நகல் எடுக்க வேண்டும். சாதாரண காப்பி கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். இது படிக்க முடிந்ததை முதலில் அள்ளிக்கொண்டு, முடியாத இடங்களை மேப் ஃபைலில் குறித்துவைத்து, பிறகுதான் அங்கே திரும்பி வரும். இடையில் கரண்ட் போனாலும் மேப் ஃபைல் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல நிலையில் உள்ள 500 ஜிபி டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வீதம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். கெட்டதற்கு இரண்டு மூன்று நாளும் ஆகலாம். அதுவரை ஒரு டேபிள் ஃபேனை டிஸ்க் மேல் திருப்பி வையுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில், மூடிய கேபினெட்டுக்குள் டிஸ்க்கின் உச்சவரம்பான 60 டிகிரி ஒன்றும் எட்டாத உயரம் அல்ல. மிக முக்கியம்: எதிலிருந்து எதற்கு என்பதை டிஸ்க்கின் மேல் அச்சிட்ட சீரியல் நம்பரை வைத்து உறுதி செய்யுங்கள். திசை மாறினால் வெற்று டிஸ்க் பழைய டிஸ்க் மேல் எழுதப்பட்டுவிடும். அதற்குப் பரிகாரம் இல்லை.

நகலிலிருந்து ஃபைல் எடுக்கும்போது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸோடு நின்றுவிடுகிறார்கள். டேலி கணக்கு அங்கே இருக்காது. டேலியின் டேட்டா ஃபோல்டருக்குள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்களில் இருக்கும். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் காப்பாற்றியாக வேண்டும் என்பதால் பழைய ஆண்டுகளையும் விடக் கூடாது. பத்திர எழுத்தர்களும் டிடிபி கடைக்காரர்களும் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய பத்திரங்கள், அந்த எழுத்துரு இல்லாத புது டிஸ்க்கில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும்.

புது லேப்டாப்புகளில் இன்னொரு பூட்டு உண்டு. விண்டோஸ் 11 பல லேப்டாப்புகளில் டிஸ்க்கைத் தானே பூட்டி வைக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டினாலும், பயாஸ் அமைப்பை மாற்றினாலும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே அதைப் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவு வைக்கும் எஸ்எஸ்டி சத்தம் போடாது, எச்சரிக்காமலும் போகும். சில நேரம் படிக்க மட்டும் விட்டு எழுத விடாது. அதில் ஃபார்மேட் போட்டால் ட்ரிம் என்ற வசதி பழைய தரவைத் துடைத்துவிடுவதால், பிறகு எந்த மென்பொருளாலும் திரும்பாது. ஹார்ட் டிஸ்க்கிலும் விரைவு ஃபார்மேட் பட்டியலை மட்டும் அழிக்கும் என்றாலும், அதன் மேல் புது விண்டோஸ் ஏறும்போது பல ஜிபி பழைய தரவு மூடப்பட்டுவிடும். விஸ்டா காலம் முதல் முழு ஃபார்மேட்டோ டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதுகிறது.

நம் வேலூர் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டரைப் பழுதுக்கு வாங்கும்போதே ரசீதில் டிஸ்க்கின் சீரியல் நம்பர், ஸ்மார்ட் எண்கள், நகல் எடுக்க வேண்டுமா வேண்டாமா என்ற மூன்றையும் எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். பழைய டிஸ்க்கை விற்கும்போது மொத்தம் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் 09 என்ற எண்ணையும் காட்டுங்கள். வாடிக்கையாளர்களும், டிஸ்க் மாற்றிய பிறகு பழையதைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள். ஓடாத டிஸ்க்கிலும் உங்கள் ஆதார் நகலும் வங்கிக் கணக்கும் அப்படியே இருக்கும். தட்டில் துளை போட்ட பிறகுதான் அது பழைய இரும்புக் கடைக்குப் போகலாம்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்போர் சிலர்,
வேலூர்.